நிற்காத படமும் இறங்காத கையும்

அலுவலகத்தில் அவளுக்கு லூப் அக்கா என்று பெயர். வயது நாற்பத்து நான்கு. அவளைவிட ஒன்பது வயது இளைய முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அவள் செய்கிற, முடிந்ததும் தானே மறுபடி ஓடும் அசையும் படங்களில் ஆரம்பம் எது, முடிவு எது என்று எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. சக்கரம் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கும். பறவை சிறகடித்தால், உலகம் அழிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அடித்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் செய்த படங்களுக்கு மூன்று விநாடிக்கொரு தரம் ஒரு விக்கல் வரும். அக்காவின் படம் விக்கியதாகச் சரித்திரமே இல்லை. அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதற்கு முன்னால் பதினான்கு வருடம் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் இருந்தாள். செய்தி தொடங்குவதற்கு முன்பு உலக உருண்டை சுற்றிக்கொண்டு வந்து, அதன் மேல் தங்க எழுத்து தடாலென்று விழுமே, அந்த உருண்டையைச் செய்தவள் அவள். செய்தி வாசிப்பவர்கள் மாறினார்கள், அவர்களுடைய முடியின் நிறம் மாறியது, உருண்டை மட்டும் மாறவில்லை. ஒருநாள் நிலையத்தையே இழுத்து மூடினார்கள். கடைசிச் செய்திக்கு உருண்டை சுற்றியபோது அறையில் இருந்த அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் அழவில்லை. அந்த உருண்டையில் ஒரு தீவு பதினான்கு வருடமாகத் தலைகீழாகச் சுற்றுவதை அன்றைக்குத்தான் கவனித்தாள். ஊரே பார்த்தும் ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிறகு சேர்ந்த இடம், டயர் கடைக்கு மேலே மூன்று அறை. கீழே லாரிச் சக்கரத்துக்குக் காற்றடித்தால் மேலே தேநீர்க் கோப்பை மேசை விளிம்பை நோக்கி நடக்கும். மொத்தம் எட்டுப் பேர். முதலாளிக்கு அவர் முதுகுக்குப் பின்னால் 'சின்னத் திருத்தம்' என்று பெயர். வேலை முடிந்து எல்லோரும் பையைத் தோளில் மாட்டும் நேரத்துக்குச் சரியாக வருவார். "எல்லாம் பிரமாதம். ஒரே ஒரு சின்னத் திருத்தம்," என்பார். ஒரு தரம் அந்தச் சின்னத் திருத்தம், ஓடுகிற குதிரையை எடுத்துவிட்டுக் கப்பலை வைப்பது.

அந்த வருடம் ஒரு பிசியோதெரபி நிலையத்திலிருந்து வேலை வந்தது. நிலையத்தை நடத்துகிறவள் ஆள் குள்ளம், கை இரும்பு. அவள் தோளைப் பிடித்தால் பிடிபட்டவர் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்வார். வைத்தியம் அவள் பொறுப்பு. விளம்பரம், பெயர்ப்பலகை, வரவேற்பறையில் என்ன நிறத் திரைச்சீலை என்பதெல்லாம் அவளுடைய அண்ணன் பொறுப்பு. நோயாளிகள் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் பன்னிரண்டை அசையும் படமாக்கி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றார்கள். வீடியோ வேண்டாம். வந்த மெயிலில் எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டு நோயாளிகள் நாளெல்லாம் போன் செய்கிறார்களாம். ஜிஃப் என்றால் மெயிலைத் திறந்ததும் தானே ஓடும், யாரும் எதையும் அமுக்க வேண்டாம். ஒவ்வொரு படமும் இரண்டு எம்பிக்கு மேல் போகக் கூடாது. தரம் மட்டும் முதல்தரமாக இருக்க வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணன்காரர் விடவில்லை. கையைத் தூக்கி இறக்கும் மனிதனுக்குப் பின்னால் ஒரு சூரிய உதயம் வேண்டும் என்றார். அடியில் இருக்கும் ஆரஞ்சு மேலே போகப் போக ரோஜாவாகி, ரோஜா மெல்ல மெல்ல நீலமாக வேண்டும். அதுதான் நம்பிக்கையின் நிறம் என்று விளக்கம் வேறு.

ஜிஃப் என்பது கறாரான கண்டக்டர் இருக்கிற பழைய வண்டி. இருநூற்று ஐம்பத்தாறு நிறங்களை ஏற்றிக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு நிறம் வந்து, தொங்கிக்கொண்டாவது வருகிறேன் என்று கெஞ்சினாலும் விசிலடித்துக் கிளம்பிவிடும். சூரிய உதயத்திலோ ஆயிரக்கணக்கான நிறங்கள். அப்படியே ஜிஃப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் வானம் குறுக்கே வெட்டின வெங்காயம் மாதிரி வளையம் வளையமாகத் தெரிந்தது. வளையத்தை மறைக்க, இருக்கிற நிறங்களையே பொடிப்பொடிப் புள்ளிகளாகக் கலந்து தூவலாம். தூவினாள். வளையம் போயிற்று, சூரியனுக்கு அம்மை போட்டது. போதாததற்குப் புள்ளிகள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடம் மாறியதால் வானமே நமநமவென்று அரித்துக்கொண்டிருந்தது. அளவும் ஆறு எம்பிக்கு ஏறியது.

அக்கா விடுகிற ஆளில்லை. அனிமேஷனை முதலில் தரம் குறையாத வீடியோவாக எடுத்தாள். அதைப் புகைப்படங்களைத் திருத்தும் மென்பொருளுக்குள் இறக்கி, விநாடிக்கு முப்பது ஃப்ரேம் இருந்ததைப் பன்னிரண்டாக்கினாள். இன்ன இன்ன நிறம்தான் ஏற வேண்டும் என்று பட்டியலைத் தன் கையாலேயே போட்டாள். புள்ளிகள் நகராமல் ஒரே இடத்தில் உட்காரும்படி தூவினாள். நகராத வானத்தை ஒரு தரம் எழுதினால் போதும்; கை அசைகிற இடத்தை மட்டும் ஜிஃப் மறுபடி மறுபடி எழுதிக்கொள்ளும். சில பழைய மெயில் பெட்டிகள் முதல் ஃப்ரேமை மட்டும் காட்டிவிட்டுத் தூங்கிவிடும் என்பதால், கை நன்றாக மேலே தூக்கியிருக்கும் நிலையிலேயே படத்தை ஆரம்பித்தாள். படம் ஓடாவிட்டாலும் என்ன பயிற்சி என்றாவது புரியட்டுமே. நான்கு நாள் கழுதையைத் தேய்த்துக் கட்டெறும்பாக்கியதில் ஒரு படம் ஒன்று புள்ளி ஒன்பது எம்பிக்கு வந்தது. வானம் வழவழவென்று இருந்தது. கை மேலிருந்து இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, தையல் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன்காரர் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சின்னத் திருத்தம் திருத்தமே சொல்லவில்லை. அலுவலக வரலாற்றில் அது முதல் தடவை.

அக்காவின் மாமனாருக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தாறு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். கைகாட்டி இறங்கி வழிவிடாமல் வண்டியை ஒரு சாண் நகர்த்தியதில்லை என்பது அவருடைய பெருமை. வேலையை விட்ட பிறகும் அதே சட்டம்தான். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு வரும்வரை நடைபாதையில் நிற்பார்; பின்னால் வருகிறவர்களையும் நிறுத்துவார். ஆறு மாதமாக அவருக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. கை காதுவரைகூட ஏறாது. தன் வேலை நடக்கும் இடமாயிற்றே என்று அந்த நிலையத்துக்கே அவரை அழைத்துப்போய்ச் சேர்த்தவள் அக்காதான். அவருக்கும் மெயில் போயிற்று: நாற்காலியில் உட்கார்ந்து, கையைப் பக்கவாட்டில் மெதுவாக ஏற்றி இறக்கவும், பத்து முறை.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்கு வந்தபோது மாமனார் சாப்பாட்டு மேசையில் போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"எப்ப ஆரம்பிச்சீங்க மாமா?"

அவர் கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. "நானூத்திப் பன்னெண்டு," என்றார். "படம் நிக்க மாட்டேங்குதேம்மா."

"மெயில்லயே பத்து தடவைன்னு எழுதியிருக்கே."

"அது எழுத்து. இது சிக்னல்."

அவள் போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் கை இறங்கியது. மறுநாள் காலையில் அது இறங்கிய இடத்திலேயே கிடந்தது. பல் விளக்கவும் முடியவில்லை, சட்டைப் பொத்தானும் போட முடியவில்லை. அக்காவின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அப்பாவுக்குப் பொத்தான் போட்டுவிட்டபடியே, எதற்கும் ஒரு ஸ்டாப்பர் வைத்திருக்க வேண்டாமா, லிஃப்டுக்கே வைக்கிறோமே என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினெட்டு வருடத்தில் நிற்கிற படம் ஒன்றுகூட அவள் செய்ததில்லை. நிற்காததுதான் அழகு என்று இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பிசியோதெரபிஸ்டே அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மாமனார் மட்டுமில்லையாம், இன்னும் மூன்று பேர். ஒரு கணக்கு வாத்தியார் முட்டியை மடக்கி நீட்டி, நீட்டிய காலை மடக்க முடியாமல் மகன் தூக்கிக்கொண்டு வந்தானாம். இன்னொருத்தர் விரல்களை மூடித் திறந்து, மறுநாள் கையெழுத்துப் போட முடியாமல் வங்கியில் ரேகை வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு தையல்காரம்மா கழுத்தை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்து சோபாவில் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்ததும், சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது, உள்ளுக்குள் ஏதோ பண்ணுகிறது என்று அக்கம்பக்கத்தில் சிபாரிசும் செய்திருக்கிறாள்.

அக்கா படத்தைத் திறந்தாள். லூப் என்ற இடத்தில் 'எப்போதும்' என்று இருந்தது. அதை அழித்துவிட்டுப் பத்து என்று போட்டாள். அரை நிமிட வேலை. அதோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

தீரவில்லை. பத்து தடவை என்றால் சில போன்கள் பத்து தடவை ஓட்டின. சில போன்களோ முதலில் ஒரு தரம் ஓட்டிவிட்டு, அதற்கு மேல் பத்து என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு பதினொரு தடவை ஓட்டின. பத்தோடு பதினொன்று, போகட்டும் என்று விட்டிருப்பாள். பெரிய வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. பத்து நாள் பயிற்சி இல்லாமல் பிசியோதெரபிஸ்ட் தோளைப் பிடித்துவிட்ட பிறகு, மாமனாருக்குப் புதுப் படத்தைக் கொடுத்துவிட்டு அவள் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் வகுப்பில் ஒன்றுக்குப் போகக் கேட்கிற பையன் மாதிரி வலது கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். படம் நின்றுவிட்டது, ஆனால் கை மேலே இருக்கும்போது நின்றுவிட்டது. மேலே ஆரம்பித்த படம் மேலேதானே முடியும்? தையல் தெரியக் கூடாது என்று அவளே முடிந்த முடிச்சு அது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்துத் தொலைத்தாள். கிழவருக்கு அது பிடிக்கவில்லை.

இனி ஒரே வழிதான் இருந்தது. பத்துத் தடவையையும் உண்மையாகவே படத்துக்குள் வைக்க வேண்டும். மூலையில் ஒன்று, இரண்டு என்று எண் ஓட வேண்டும். பத்து முடிந்ததும் கை மடிக்கு வந்து, 'போதும்' என்ற எழுத்து வந்து, படம் அங்கேயே அடங்க வேண்டும். ஆனால் பத்து மடங்கு படம் என்றால் ஏழெட்டு மடங்காவது கனம். செய்து பார்த்தாள், பதினான்கு எம்பி. எதையாவது வண்டியிலிருந்து இறக்கிவிட்டாக வேண்டும். கையை இறக்கிவிட முடியாது. கனத்தில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்தது அந்த வானம்தான்: கை வானத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன் பின்னால் இருக்கும் புள்ளிகளையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சூரிய உதயம் இறங்கினால் மற்றவர்கள் உட்காரலாம்.

சின்னத் திருத்தத்திடம் சொன்னாள். அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சூரியனைப் பார்த்துத்தான் அந்த ஆள் சம்மதித்தார், சூரியனில் கை வைத்தால் வேலையே போய்விடும் என்றார். அண்ணன்காரரோ போனிலேயே சாமியாடினார். நின்றுபோன ஜிஃப், கெட்டுப்போன ஜிஃப் மாதிரி இருக்கும், நிலையத்தின் மானம் என்ன ஆவது என்றார். முடிவில் எல்லோரும் வியாழக்கிழமை நிலையத்தில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடாயிற்று. அன்று காலை மாமனாருக்கும் அங்கே பரிசோதனை இருந்தது. அவரையும் அக்காவே கூட்டிக்கொண்டு போனாள்.

கூட்டம் நடந்த அறையில் ஒரு நீண்ட மேசை, ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ஆறு நாற்காலி. அக்கா மாமனாரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பத்தோடு நிற்கிற அந்தச் சூரிய உதயத்தை அவர் முன்னால் ஓடவிட்டாள். அவர் கையை ஏற்றினார், இறக்கினார். படம் நின்றது. கை மேலேயே நின்றது.

அண்ணன்காரர் நம்பிக்கையின் நிறத்தைப் பற்றி ஆரம்பித்தார். சின்னத் திருத்தம் தலையாட்டினார். கை மேலேயே இருந்தது. நிறுவனங்களின் முகவரி என்பதே நிறம்தான் என்றார் அண்ணன்காரர். கை மேலேயே இருந்தது. பேச்சின் நடுவே அவர் பார்வை திரும்பத் திரும்ப அந்தக் கைக்குப் போனது. யாரோ தன்னிடம் கேள்வி கேட்கக் காத்திருப்பது போலிருக்க, ஒருவனால் எத்தனை நேரம்தான் சொற்பொழிவாற்ற முடியும்?

"ஐயா, கையை இறக்குங்க," என்றார்.

"படம் இன்னும் இறக்கலையே," என்றார் மாமனார். குரலில் வருத்தமும் இல்லை, அவசரமும் இல்லை.

"நான் சொல்றேன், இறக்குங்க."

"நீங்க யாரு?"

பிசியோதெரபிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திடீரென்று எழுந்து மாமனாரின் பின்னால் போய், கோணம் அளக்கும் கருவியை எடுத்துத் தோளில் வைத்தாள். இரண்டு தரம் அளந்தாள். போன மாதம் எண்பது டிகிரிக்கு மேல் ஏறாத கை நூற்று நாற்பதில் நின்றது. அவள் சொன்னதும் அண்ணன்காரர் குதித்தார். பார்த்தீர்களா, நிற்காத படம்தான் அவரைக் குணமாக்கியிருக்கிறது, இதையே விளம்பரமாகப் போடலாம் என்றார்.

"அண்ணா, நீ கொஞ்சம் வாய மூடு," என்றாள் அவள். "ரெண்டு வாரமா இவர் தோளை நான் பிடிச்சு விட்டுட்டு இருக்கேன். உன் சூரியன் இல்ல." பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க நிக்கிற படத்தையே போடுங்கக்கா. வானம் வேணாம். கை இறங்கணும்," என்றாள்.

அப்போதுதான் மாமனார் கையை இறக்கினார். திரும்பி வருகையில் பேருந்தில் அக்கா அவரிடம், வலித்திருக்குமே, யாராவது சொன்னதும் இறக்கியிருக்கலாமே என்று கேட்டாள். முதல் இரண்டு நிமிடம்தான் படத்துக்காக வைத்திருந்ததாகவும், அதற்குப் பிறகு அந்த ஆள் எவ்வளவு நேரம் பேசுவான் என்று பார்ப்பதற்காக வைத்திருந்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அந்த வீட்டுக்கு வந்த இருபது வருடத்தில் அவர் அடித்த முதல் நக்கல் அது.

அவள் பன்னிரண்டு படங்களையும் அடியிலிருந்து மறுபடி செய்தாள். பின்னால் ஒரே நிறம், வெளிறிய பச்சை. அதன் மேல் மனிதன், நாற்காலி, கை, எண். மொத்தமே பதினாறு நிறம்தான். புள்ளி தூவ வேண்டிய அவசியமே இல்லாததால் ஓரமெல்லாம் கத்தியால் வெட்டின மாதிரி துல்லியமாக இருந்தது. பத்துத் தடவையும் ஓடி, கை மடிக்கு வந்து, 'போதும்' என்று விழுந்து, ஒன்று புள்ளி நான்கு எம்பிக்குள் அடங்கியது. அண்ணன்காரரின் மனம் ஆற வேண்டுமென்று ஒரு மூலையில் வட்டமாக ஒரு மஞ்சள் சூரியனை வைத்தாள். நகராத சூரியன், ஒரே ஒரு நிறம். அவர் அதை மூன்று நாள் பார்த்துவிட்டு, எளிமைதான் இப்போதைய பாணி என்று தன் யோசனைபோலவே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். சின்னத் திருத்தமும் அதையே மற்ற வாடிக்கையாளர்களிடம் சொன்னார். அக்கா குறுக்கே பேசவில்லை. பேசினால் இன்னொரு கூட்டம் போடுவார்கள்.

நோயாளிகள் பத்தில் நிறுத்தினார்கள். தையல்காரம்மா மட்டும் நிலையத்துக்கு வந்து, பழைய படத்தில் இருந்த வேகம் இதில் இல்லை, தலையே சுற்றவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாளாம்.

மாமனாருக்கும் புதுப் படம் போயிற்று. ஒரு வாரம் செய்தார். அடுத்த திங்கட்கிழமை காலையில் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வந்து நின்றார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல மட்டும் கை அவசரமா இறங்குது."

அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே வேகம்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேருந்தில் ஏறியும் மனசு கேட்கவில்லை. அலுவலகத்துக்குப் போனதும் பையைக்கூட இறக்காமல் படத்தைத் திறந்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தாள். ஏழாவது தடவை இறங்கும் இடத்தில் ஒரே ஒரு ஃப்ரேம் திரையில் நிற்கும் நேரம், எட்டு என்று இருக்க வேண்டியது நான்கு என்று விழுந்திருந்தது. விநாடியை நூறாகப் பங்கு வைத்தால் அதில் நான்கு பங்கு. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியக் கூடாது.

அவள் எட்டு என்று மாற்றி, படத்தை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, நிலையத்துக்கு ஒன்றும் மாமனாருக்கு ஒன்றும் அனுப்பினாள். கீழே லாரிக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார்கள். தேநீர்க் கோப்பை நடக்கத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் மாமனாரிடமிருந்து பதில் வந்தது. ஒரே வார்த்தை: 'சரி.'